நாலாவது பெட்டி

மருமகன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டினான். சத்தமே இல்லை. கவிழ்த்துப் பிடித்து மறுபடியும் ஆட்டினான். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார்கள். முன் அறையில் மாமனார் செத்துக் கிடக்கிறார், பின் அறையில் மருமகன் பெட்டி ஆட்டுகிறான். பார்க்க நன்றாக இருக்காது என்று அவனுக்கும் தெரியும்.

"உள்ள ஒண்ணும் இல்ல அத்தை," என்றான்.

"இருக்கு," என்றாள் மாமியார்.

"பல்லு இருந்தா கடகடன்னு சத்தம் வரணுமே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அதுக்குள்ளதான் இருக்கு. பல்லு வராம இவர அனுப்ப மாட்டேன்."

மணி பன்னிரண்டேகால். வண்டி மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு.

மாமனார் அதிகாலையில், தூக்கத்தில், யாரையும் எழுப்பாமல் போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று எழுதிக் கொடுத்தார். அதில் யாருக்கும் புகார் இல்லை. புகார் முகத்தைப் பற்றித்தான். மேல்வரிசைப் பல்செட் வாயில் இல்லை. மேலுதடு உள்ளே இழுத்துக்கொண்டு, மூக்கு இறங்கி வந்து, யாரோ தன்னை நன்றாக ஏமாற்றிவிட்டதை இப்போதுதான் கண்டுபிடித்த ஆள் மாதிரி இருந்தார். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிய பிறகு இன்னும் மோசம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் மாலையோடு வந்து, குனிந்து பார்த்து, வெளியே போய், இது சரியான வீடுதானா என்று விசாரித்தார். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் ஒரே பிடியாகப் பிடித்திருந்தாள்.

"நாப்பத்தாறு வருஷம் நான் பாத்த மூஞ்சி இது இல்ல. வேற எவனுக்கோ உக்காந்து அழற மாதிரி இருக்கு. எனக்கு அழுகையே வரல."

வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது. தலையணை உறை, சட்டைப் பைகள், குளியலறை அலமாரி, திருகாணி டப்பாக்கள் ஏழு. மரச்சுருள் மூட்டையை மருமகனின் மனைவி தரையில் கொட்டிச் சலித்தும் பார்த்துவிட்டாள். மாமனாருக்கு மரவேலை செய்யும்போது பல்லைக் கழற்றிக் கண்ட இடத்தில் வைக்கிற பழக்கம். உதட்டில் திருகாணிகளைக் கவ்விக்கொள்ளப் பல்செட் இடைஞ்சலாம். போன வருஷம் அது பசை டப்பாவுக்குள் கிடைத்தது. ஒரு தடவை குப்பைக்காரர் கையிலிருந்து மாமியார் பிடுங்கி வந்தாள்.

அந்தப் பல்செட்டைச் செய்தது மருமகன்.

பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவன் தன் பட்டறையில் செட் செய்து திருப்பி அனுப்புவான். பதினேழு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் வைத்தவன். அத்தனை வாய்களில் ஒரே ஒரு வாய்தான் அவனை நேரில் திட்டியது. மூன்று வருஷமாக மாமனாரிடம் ஒரே பாட்டுத்தான்.

"விழுது மாப்ள. பேசினா விழுது."

"ஈறு தேஞ்சு போச்சு மாமா. பிடிச்சு நிக்க மேடு இல்ல."

"ஈறு மேல பழி போடாதீங்க. பலகை வளைஞ்சிருந்தா நான் பலகையத் திட்றேனா? வளைவுக்கு ஏத்த மாதிரி இழைக்கறேன்."

நாலு தடவை உள்பக்கம் பூசிச் சரிசெய்து கொடுத்தான். நாலு தடவையும் மாமனார் வாயில் மாட்டிக்கொண்டு, கதவு நிலைகளைத் தட்டிப் பார்க்கிற முகத்தோடு நாக்கால் தட்டிப் பார்த்துவிட்டு, "ம்," என்பார். மறுவாரம் விருந்தாளிகள் முன்னால் சிரிக்கும்போது அது இறங்கும். மாமனார் உள்ளங்கையில் பிடித்து, "மாப்பிள்ளை வேலை," என்று எல்லோருக்கும் காட்டுவார்.

மச்சான் பின் அறைக்குள் வந்தான். சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன். கையில் அப்பாவின் சுத்தியல்.

"என்ன மாப்ள, இன்னும் தாலாட்டுப் பாடிட்டு இருக்கீங்களா? நகருங்க. ஒரு போடு."

"உடைக்கக் கூடாது."

"அப்புறம் எப்படித் தெறக்கறது? இதுல தெறக்க வழியே இல்லயே!"

அதுதான் சிக்கல். பெட்டியில் மூடி இல்லை. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கைப்பிடியும் இல்லை. இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஆறு பக்கமும் வழவழவென்று பலகை. எல்லா மூலையும் பல்லோடு பல் கோத்து ஒட்டியிருந்தது. ஓர் ஊசி நுழைய இடமில்லை. காலையிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பின் அறைக்கு வந்து இதையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்க முடியாது.

"பாவம், கடைசில ஞாபகம் தப்பிடுச்சு போல," என்றார் ரேடியோ. "பெட்டி செஞ்சாரு. தெறக்க வழி வைக்க மறந்துட்டாரு. எங்க சித்தப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான், சட்டைய மாட்டிட்டுத் தலைய வெளிய விட மறந்துட்டாரு."

நாற்காலிகளில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மருமகனின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தை மருமகன் பார்த்தான். காலையிலிருந்து அவளும் அழவில்லை. அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேச ஆரம்பித்திருந்தது. அது சாவைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

மாமனார் முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய்க் கதவு ஜன்னல் சரிசெய்தவர். அத்தனை வருஷமும் கருவிகளைச் சாக்குப் பையில்தான் கொண்டுபோனார். வேலையை விட்ட மறுவாரமே, கையில் தூக்கிச் செல்ல ஒரு கருவிப் பெட்டி வரைய ஆரம்பித்தார்.

"வேலைக்குப் போனப்ப சாக்கு. வீட்டுல குந்தியிருக்கறப்ப பெட்டி," என்பாள் மாமியார். "தூக்கிட்டு எங்க போகப் போறீங்க? சமையக்கட்டுக்கா?"

"போக வேண்டி வந்தா?"

முதல் பெட்டி தேக்கு. காலிப் பெட்டியே பதினெட்டு கிலோ. தூக்கிச் செல்லும் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதில் இப்போது போர்வைகள் இருக்கின்றன. இரண்டாவதில் கைப்பிடியை மூடியின் மேல் வைத்தார். தூக்கினால் மூடி மட்டும் கையோடு வந்தது. மூன்றாவதில் எடையைக் குறைக்க அடியில் மெல்லிய பிளைவுட் போட்டார். முதல் வெள்ளோட்டத்தில், மாடிப்படியின் மூன்றாவது படியில், அடி பிரிந்து எல்லாம் கொட்டியது. ஓர் உளி மாமனாரின் செருப்பைத் துளைத்துக்கொண்டு கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. மருமகன் அலறினான். மாமனார் குனிந்து பார்த்து, "உளி நல்லா தீட்டியிருக்கேன்," என்றார்.

இது நாலாவது.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு திரும்ப ஒரு தடவை சொல்லுங்க அத்தை," என்றான் மருமகன்.

"எத்தன தடவை சொல்றது? நாலரை மணிக்குக் கடலை தின்னாரு. பல்லு இல்லாம கடலை தின்ன முடியுமா? அப்புறம் கதவச் சாத்திட்டு, பெட்டிய ஒட்டப் போறேன், உள்ள வராதேன்னாரு. ஆறு மணிக்கு வெளிய வந்தாரு. வாய் பொக்கை. நடுவுல பெட்டிய ஒட்டினதத் தவிர வேற ஒண்ணும் பண்ணல."

"பல்லு எங்கன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டு பால் மட்டும் குடிச்சாரு. 'காலைல தெறந்துக்கலாம்'னு என்னமோ முனகினாரு. பல்லு இல்லாம பேசினா எனக்குப் பாதி விளங்காது. சரி சரின்னேன்."

மருமகனுக்கு அந்தக் காட்சி கண்ணில் வந்தது. பசை இழுத்துப் பிடித்த பிறகு நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். தொட்டதும், பல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது தெரிந்திருக்கும். தப்பு செய்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்வதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று முடிவு செய்திருப்பார்.

"அத்தை, பட்டறையில அவரோட அச்சு இருக்கு. ரெண்டு மணி நேரம் குடுங்க. மெழுகுலயே ஒரு செட்டு வெச்சுக் கொண்டு வந்துடறேன். வித்தியாசமே தெரியாது."

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்லு மாதிரி செஞ்சு குடுத்ததையே சரியில்லன்னு மூணு வருஷம் என் உயிர எடுத்தாரு. இப்ப மெழுகா?"

மச்சான் சுத்தியலை ஓங்கினான். மருமகன் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளிச்சம் பலகையின் மேல் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் கோட்டைப் பார்த்தான்.

மெல்லிய பென்சில் கோடு. மேல்விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே, நாலு பக்கமும் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. முன்பக்கம் கோட்டின் குறுக்கே ஒரு சின்ன முக்கோணம். பாதி கோட்டுக்கு மேலே, பாதி கீழே.

மருமகனும் இப்படித்தான் குறி போடுவான். பல்செட் வார்க்கும் அச்சு இரண்டு பாதி. மூடி இறுக்கி வேகவைத்துவிட்டுத் திறப்பான். எந்தப் பாதி எதன் மேல் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு, சேருமிடத்தின் குறுக்கே ஒரு கீறல்.

"மறக்கல," என்றான்.

"என்னது?"

"தெறக்க வழி வைக்க மறக்கல. மூடியையும் அடியையும் தனித்தனியா செஞ்சா ரெண்டும் சரியாப் பொருந்தாது. அதனால முழுப் பெட்டியா ஒட்டிட்டு, காஞ்சதும் இந்தக் கோட்டுல அறுக்கணும். மேல வர்றது மூடி. கீழ நிக்கறது பெட்டி. இன்னைக்குக் காலைல அறுத்திருப்பாரு."

ஜன்னலில் ரேடியோ சில நொடி மௌனமாக இருந்தார். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"அப்ப அறுங்க," என்றாள் மாமியார்.

"நானா?"

"வேற யாரு? இவன்கிட்ட குடுத்தா சாவு வீட்ட விறகுக் கடையாக்கிடுவான்."

மருமகன் வாழ்நாளில் மரம் அறுத்ததில்லை. ஒரு தடவை ரம்பத்தைத் தொடப் போனபோது மாமனார் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "நீங்க பல்லோட நிறுத்திக்கங்க மாப்ள," என்றார். இப்போது எல்லாக் கருவிகளும் மேஜை மேல் பழைய துண்டில் வரிசையாகப் படுத்திருந்தன, புது வீட்டுக்குக் குடிபோகக் காத்திருக்கிற குடும்பம் மாதிரி. மூன்று ரம்பங்களில் முதுகில் இரும்புப் பட்டை வைத்த சின்னதை எடுத்தான். அதன் பற்கள்தான் அவனுக்குப் பழக்கமான அளவில் இருந்தன.

மச்சானைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். மச்சான் சுத்தியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிடித்தான். மனைவி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"பல்லு கோட்டுக்கு நேரா இருந்து, அதையும் சேத்து அறுத்துட்டா?" என்றான் மச்சான்.

"அப்ப ரெண்டு பேருக்கு ஆகும்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். மச்சானின் தோள் குலுங்கியது. பெட்டியும் குலுங்கியது. ரம்பம் கோட்டை விட்டு எகிறியது.

"சிரிக்காதீங்க!" என்று மருமகன் கத்தினான். முன் அறையில் பேச்சு நின்றது.

முதல் பக்கம் நன்றாகவே வந்தது. நடுவில் ரம்பத்தை மரம் கவ்வியபோது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் உறையை மடித்து வெட்டில் சொருகினான். இரண்டாவது பக்கம் பாதியில் வியர்வை கண்ணில் இறங்கியது. கோடு இரண்டாகத் தெரிந்தது. தவறான கோட்டைத் தேர்ந்தெடுத்தான்.

"இடப்பக்கம் போகுது, இடப்பக்கம் போகுது," என்றார் ரேடியோ.

"நீங்க சும்மா இருங்க."

"சொல்லணும்ல. அவரு இருந்திருந்தா சொல்லியிருப்பாரு."

அது உண்மைதான். மருமகன் ரம்பத்தை நிமிர்த்தி மறுபடி கோட்டுக்குள் கொண்டுவந்தான். ஒரு மூலையில் நூலிழை, சரி, இரண்டு நூலிழை, பிசகிவிட்டது. மூன்றாவது பக்கம். நாலாவது. இரண்டேகால் மணிக்கு, ஒரு சின்ன முனகலோடு, பெட்டி இரண்டாகப் பிரிந்தது.

எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

அடிப்பாகத்தில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் ஒரு பள்ளம். இழைப்புளிக்கு, உளிகள் ஐந்துக்கு, குறடுக்கு, மூலைமட்டத்துக்கு. எல்லாம் காலி. பல் இல்லை.

"சொன்னேன்ல," என்றான் மச்சான், எதையும் சொல்லியிருக்காவிட்டாலும்.

மாமியார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மருமகன் காலிப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டிக்காரர் போனில், கிளம்பிவிட்டதாகச் சொன்னார். இனி மெழுகுக்கும் நேரமில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி.

அவள் மூடியை எடுத்து ஓரமாக வைக்கப் போயிருந்தாள். இப்போது அதைத் திருப்பிப் பிடித்திருந்தாள். மூடியின் உள்பக்கமும் பள்ளங்கள். பென்சிலுக்கு ஒன்று, அளவு நாடாவுக்கு ஒன்று. நட்டநடுவில், குதிரை லாடம் போல வளைந்த பள்ளத்தில், மாமனாரின் மேல்வரிசை பதினாலு பல்லும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

"தெய்வமே," என்றார் ரேடியோ.

மருமகன் மூடியை வாங்கிக் கவிழ்த்தான். விழவில்லை. உலுக்கினான். விழவில்லை. காலையிலிருந்து எப்படி ஆட்டியும் ஏன் சத்தம் வரவில்லை என்று இப்போது விளங்கியது. மூன்று வருஷம் வாயில் நிற்காத பல், தலைகீழாக மரத்தில் நின்றது. நகத்தைக் கொடுத்து நெம்பித்தான் எடுக்க முடிந்தது. எடுக்கும்போது 'சப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் நாலு தடவை பூசினான். ஒரு தடவைகூட வரவில்லை.

பள்ளத்துக்குள் துணி ஒட்டவில்லை. வெறும் மரம். அண்ணத்தின் மேடு, ஈறின் வளைவு, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சின்ன வரிகள்கூடச் செதுக்கியிருந்தது. அங்கங்கே நீலப் புள்ளிகள்.

கடித்துப் பார்க்கிற நீலக் காகிதம். எந்த இடம் தூக்கலாக இருக்கிறது என்று பார்க்கப் பல்லுக்கு நடுவில் வைப்பது. தூக்கலான இடத்தில் நீலம் ஒட்டும். போன மாதம் மாமனார், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று பட்டறைக்கு வந்து, ஒரு மணி நேரம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போன பிறகு நீலக் காகிதக் கட்டு ஒன்று காணவில்லை. பக்கத்துக் கடைப் பையனை மருமகன் சந்தேகப்பட்டு, ஒரு வாரம் அவனோடு பேசாமல்கூட இருந்தான்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. உளி வேலை சுத்தமா இருக்கு."

பல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனான். ஆட்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். தாடைக் கட்டை அவிழ்த்தான். தாடை விறைத்திருந்தது. காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெல்லப் பிசைந்தான். உயிரோடு இருந்தபோதும் இந்த மனிதர் இவனுக்கு வாயைச் சுலபமாகத் திறந்து காட்டியதில்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தினம் பேசுகிற குரலில் சொன்னான்:

"கொஞ்சம் பெருசா தெறங்க மாமா."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பல் உள்ளே போனது. மேலுதடு எழுந்து தன் இடத்துக்கு வந்தது. மூக்கு ஏறியது. கன்னம் நிரம்பியது. எதிலும் முழுத் திருப்தி இல்லாத அந்தப் பழைய முகம் வந்து சேர்ந்தது. "ம்," என்று சொல்லப் போகிற முகம். மருமகன் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். நின்றது.

மாமியார் பக்கத்தில் வந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து இந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து.

"ம். இதான்," என்றாள். தரையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவளை அந்த இடத்தைவிட்டு எழுப்ப வண்டிக்காரர் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது ஐந்தரை. நாற்காலிகளை எடுத்துப் போயிருந்தார்கள். ரேடியோ தெருமுனையில் யாரிடமோ, முழுப் பெட்டியாக ஒட்டிவிட்டுப் பிறகு அறுப்பதுதான் பெரிய வேலைக்காரர்களின் முறை என்றும், இது தனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின் அறையில் மருமகன் ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பள்ளங்களில் வைத்தான். எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. வைத்தால் உட்கார்ந்தது. மச்சான் கதவருகே வந்து நின்றான். மத்தியானத்திலிருந்து அந்தச் சுத்தியலைக் கீழே வைக்கவே மறந்திருந்தான். வண்டியில்கூட மடியில்தான் வைத்திருந்தான்.

"இதுக்கு எடம் இருக்கா மாப்ள?"

இருந்தது.

கடைசியில் மூடியின் நடுவில் ஒரு பள்ளம் மட்டும் மிச்சம். மருமகன் அதில் ஒன்றும் வைக்கவில்லை. முக்கோணம் சேர்கிற மாதிரி மூடியை வைத்தான். இரண்டாவது பக்கத்து மூலையில் அவனுடைய ரம்பம் போன வழி நகம் நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. மற்ற மூன்றிலும் ஒன்றும் தெரியவில்லை. கீல் இன்னும் போடவில்லை என்பதால் பழைய துண்டால் பெட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

தூக்கிப் பார்த்தான். கனம்தான். ஆனால் ஒரே ஆள் தூக்கலாம். எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் காதோரம் கொண்டுபோய் ஒரு தடவை ஆட்டினான்.

"என்ன சத்தம் கேக்குது?" என்றாள் மாமியார், முன் அறையிலிருந்து.

"ஒண்ணும் கேக்கல அத்தை," என்றான். கீழே வைக்கவில்லை.